பணி அட்டவணையின் முன் நின்றவர்கள்

உணவகத் தொழிலில் நான் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தேன். முதல் மூன்று ஆண்டுகள் பாத்திரம் கழுவும் தொட்டியின் முன்பும் அடுப்பின் பக்கத்திலும் கழிந்தன. அதன் பிறகு மேலாளரானேன். யார் எந்த நாளில், எந்த நேரத்தில் வர வேண்டும் என்று வாரந்தோறும் எழுதிச் சுவரில் ஒட்டும் வேலை என்னுடையதாயிற்று. அந்தத் தாளை எங்கள் தொழிலில் ரோஸ்டர் என்போம். ஞாயிறு இரவு கடையை மூடிய பின் அமர்ந்து எழுதி, திங்கள் காலையில் சமையலறை வாசலில் ஒட்டுவேன். திங்கட்கிழமை வேலைக்கு வரும் ஒருவர், அன்றைக்குத் தமக்கு வேலை இருக்கிறதா என்பதையே வாசல்வரை வந்து அந்தத் தாளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். இதில் குறை இருப்பதாக அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவரும் அப்படித்தான் செய்தார்.

ஒரு வியாழக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு, கூட்டம் உச்சத்தில் இருந்தபோது, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியே போனார். சிறிது நேரம் காற்று வாங்கப் போகிறார் என்று நினைத்தோம், அவர் திரும்பவில்லை. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். நான் அவரை அண்ணன் என்றுதான் அழைப்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். மறுநாள் பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே "சொல்லாமல் நின்றுவிட்டார்" என்று எழுதினேன். கதவில் "ஆட்கள் தேவை" என்ற அட்டையை மாட்டினேன். யார் கேட்டாலும், இந்தக் காலத்தில் வேலைக்கு ஆளே கிடைப்பதில்லை என்று சொன்னேன். முழு நம்பிக்கையோடுதான் சொன்னேன்.

உணவகங்களில் ஆள் பற்றாக்குறைக்குக் காரணம் என்ன என்ற விவாதத்தில் நான் கலந்துகொள்ள விரும்புவதற்கு அந்தப் பதிவேட்டு வரியே காரணம். இந்த விவாதத்தில் பேசுபவர்களில் பெரும்பாலோர் ஆட்கள் ஏன் வரவில்லை என்று கேட்கிறார்கள். என் அனுபவத்தில் ஆட்கள் வந்துகொண்டேதான் இருந்தார்கள்; அவர்கள் தங்கவில்லை. நான் மேலாளராக இருந்த ஆண்டுகளில் எத்தனை பேருக்குக் கத்தி பிடிக்கவும் தட்டு அடுக்கவும் புதிதாகச் சொல்லிக்கொடுத்தேன் என்பதற்குக் கணக்கில்லை. வாசல் வழியே வருகிறவர்களைவிடப் பின்வாசல் வழியே போகிறவர்கள் அதிகமானால் அதற்குப் பெயர் பற்றாக்குறைதான் என்றாலும், அந்தப் பெயர் நம் பார்வையைத் தவறான வாசலுக்குத் திருப்பிவிடுகிறது.

இந்த விவாதம் உலகமெங்கும் காதில் விழும்படி வெடித்தது 2021ஆம் ஆண்டில், அமெரிக்காவில். பெருந்தொற்று பரவத் தொடங்கியபோது முதலில் மூடப்பட்ட இடங்களில் உணவகங்களும் இருந்தன. 2020 பிப்ரவரியில் அந்நாட்டின் உணவகங்களிலும் மதுக்கூடங்களிலும் சுமார் 1 கோடியே 23 லட்சம் பேர் வேலை பார்த்தார்கள். ஏப்ரல் என்ற ஒரே மாதத்தில் அவர்களில் ஏறத்தாழ 55 லட்சம் பேரின் வேலை போயிற்று. ஓராண்டு கழித்துக் கடைகள் முழுவதுமாகத் திறந்தபோது, அனுப்பப்பட்டவர்களில் பலர் திரும்பி வரவில்லை. கதவுகளில் அட்டைகள் தொங்கின. ஆள் இல்லாததால் இன்று கடை இல்லை என்று எழுதிவைத்த உரிமையாளர்கள் அரசு தரும் வேலையின்மை உதவித்தொகையைக் குற்றம் சாட்டினார்கள்.

அந்தக் குற்றச்சாட்டில் ஒரு துளி உண்மைகூட இல்லை என்று நான் சொல்லமாட்டேன். வழக்கமான உதவித்தொகைக்கு மேல் வாரத்துக்கு 600 டாலர் என 2020 ஜூலை முடியும்வரை வழங்கினார்கள். பின்னர் அது 300 டாலராயிற்று. முதல் கட்டத்தில், குறைந்த சம்பளத்தில் இருந்த பலருக்கு வேலை செய்து பெற்றதைவிட வீட்டில் இருந்து பெற்றது அதிகம். இந்த நிலையில் ஒருவர் அவசரப்பட்டு வேலைக்குத் திரும்பமாட்டார் என்பது புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் இந்த வாதத்தைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு அந்த ஆண்டிலேயே அமைந்தது. நாட்டின் ஏறத்தாழ பாதி மாநிலங்கள் 2021 ஜூன், ஜூலை மாதங்களிலேயே கூடுதல் உதவியை நிறுத்திவிட்டன. மற்ற மாநிலங்களில் அது செப்டம்பர் 6 வரை தொடர்ந்தது. முன்பே நிறுத்திய மாநிலங்களையும் தொடர்ந்த மாநிலங்களையும் வங்கிக் கணக்கு விவரங்களின் துணையோடு பொருளியலாளர்கள் ஒப்பிட்டார்கள். உதவியை இழந்த எட்டுப் பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு மட்டுமே ஆகஸ்டு மாதத் தொடக்கத்துக்குள் வேலை கிடைத்திருந்தது; மற்ற ஏழு பேர் வேலையும் இல்லாமல் உதவியும் இல்லாமல் செலவைக் குறைத்துக்கொண்டார்கள். உதவித்தொகைக்கு விளைவு இருந்தது, ஆனால் அட்டை மாட்டியவர்கள் நினைத்த அளவுக்கு இல்லை.

எனக்கு அதைவிட அழுத்தமாகப் பட்ட எண் வேறொன்று. 2021 ஆகஸ்டு மாதத்தில் மட்டும் அமெரிக்க உணவகங்களிலும் தங்கும் விடுதிகளிலும் 8 லட்சத்து 92 ஆயிரம் பேர் தாமாகவே வேலையை விட்டார்கள். இவர்கள் வீட்டில் இருந்தவர்கள் அல்லர். வேலைக்கு வந்துகொண்டிருந்தவர்கள், அட்டவணையில் பெயர் இருந்தவர்கள். தாமாக வேலையை விடுபவருக்குப் பொதுவாக அந்நாட்டில் வேலையின்மை உதவி கிடைப்பதும் இல்லை. இன்னும் பின்னோக்கிப் போனால், பெருந்தொற்றின் பெயரையே யாரும் கேட்டிராத 2019இல், இந்தத் துறையில் ஓராண்டில் வேலையிலிருந்து விலகியவர்கள், விலக்கப்பட்டவர்கள் எல்லோரையும் கூட்டினால் அத்துறையின் மொத்தப் பணியாளர் எண்ணிக்கையில் 70 சதவீதத்தைத் தாண்டியது. உதவித்தொகையும் இல்லை, நோயும் இல்லை. ஆனாலும் பின்வாசல் திறந்தே இருந்தது.

நோயைப் பற்றியும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கலிபோர்னியாவில் வேலை செய்யும் வயதினரின் இறப்புகளைத் தொழில்வாரியாக ஆராய்ந்தவர்கள், 2020 மார்ச் முதல் அக்டோபர் வரையிலான காலத்தில் அடுப்படிச் சமையல்காரர்களின் இறப்பு வழக்கத்தைவிடச் சுமார் 60 சதவீதம் அதிகரித்ததைக் கண்டார்கள். ஆராயப்பட்ட தொழில்களில் மிக அதிக உயர்வைக் கண்டவற்றுள் அது ஒன்று. தோளோடு தோள் உரசும் இடம், காற்று நகராத அறை, மூச்சு வாங்கும் வேலை. சமையலறையில் நின்றவர் எவரும் இதைப் படித்து வியந்திருக்கமாட்டார். வேலைக்குத் திரும்ப மறுத்தவர்களைச் சோம்பேறிகள் என்றவர்கள் இந்த எண்ணை ஒருமுறை கூர்ந்து பார்க்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

அடுத்தது கூலி. கொடுக்கிற கூலியை உயர்த்தினால் ஆள் வருவார் என்பது விவாதத்தின் எதிர்த்தரப்பு. பொருளியல் பாடப்படி இது சரியே: ஒரு விலையில் பொருள் கிடைக்கவில்லை என்றால் விலை குறைவாக இருக்கிறது என்று பொருள். உழைப்புக்கும் அதுவே நியதி. அமெரிக்கக் கூட்டரசின் சட்டப்படி டிப்ஸ் பெறும் ஊழியருக்கு முதலாளி நேரடியாகத் தர வேண்டிய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2 டாலர் 13 சென்ட். இந்தத் தொகை 1991 முதல் மாறவில்லை. டிப்ஸைச் சேர்த்தும் பொதுக் குறைந்தபட்சமான 7 டாலர் 25 சென்டை எட்டாவிட்டால் மீதியை முதலாளி ஈடுசெய்ய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்தப் பொதுக் குறைந்தபட்சமும் 2009இல் நிர்ணயித்த இடத்திலேயே நிற்கிறது. கலிபோர்னியா, வாஷிங்டன், மின்னசோட்டா உள்ளிட்ட ஏழு மாநிலங்கள் மட்டும் இந்தக் குறைந்த விகிதத்தை ஏற்காமல் முழுக் கூலியையும் முதலாளியே தர வேண்டும் என்கின்றன. வாடிக்கையாளரின் மனநிலையைப் பொறுத்து வீட்டு வாடகை கட்ட முடியுமா முடியாதா என்பது முடிவாகும் வேலையில் ஒருவர் நீண்ட காலம் இருப்பார் என்று எதிர்பார்ப்பதே கடினம்.

கூலியைக் கூட்டினால் கடைகள் ஆட்களைக் குறைத்துவிடும் என்ற பயம் பழையது. அதற்கான பதிலும் பழையதுதான். நியூஜெர்சி மாநிலம் 1992 ஏப்ரலில் குறைந்தபட்சக் கூலியை 4 டாலர் 25 சென்டிலிருந்து 5 டாலர் 5 சென்டாக உயர்த்தியது. பக்கத்துப் பென்சில்வேனியா உயர்த்தவில்லை. டேவிட் கார்டு, ஆலன் க்ரூகர் என்ற இரு பொருளியலாளர்கள் எல்லையின் இருபுறமும் உள்ள துரித உணவகங்கள் 410இல் விசாரித்து, உயர்த்திய மாநிலத்தில் வேலைவாய்ப்பு குறைந்ததற்குச் சான்று இல்லை என்று 1994இல் வெளியிட்டார்கள். கார்டுக்கு 2021இல் நோபல் பரிசு வழங்கப்பட்டதற்கு இந்த ஆய்வும் ஒரு காரணம். அதன் முடிவைப் பற்றிய சர்ச்சை இன்றுவரை ஓயவில்லை; ஆயினும் கூலியை உயர்த்தினால் அத்தனை பேருக்கும் வேலை போய்விடும் என்று எவரும் எளிதாகச் சொல்லிவிட முடியாதபடி அது செய்துவிட்டது.

அதே க்ரூகர், ஆர்லி ஆஷன்ஃபெல்டருடன் சேர்ந்து, பின்னாளில் வேறொன்றை வெளிக்கொணர்ந்தார். அமெரிக்காவின் பெரிய கிளைக்கடைத் தொடர்கள், தம் பெயரில் கிளை நடத்த மற்றவர்களுக்கு உரிமை தரும் ஒப்பந்தங்களைப் படித்தபோது, அவற்றில் 58 சதவீதத்தில் ஒரு கிளையின் ஊழியரை அதே தொடரின் இன்னொரு கிளை வேலைக்கு எடுக்கக் கூடாது என்ற விதி இருந்தது. துரித உணவுத் தொடர்கள் பலவும் அவற்றுள் அடங்கும். ஊழியருக்கு அப்படி ஒரு விதி இருப்பதே தெரியாது. வாஷிங்டன் மாநிலத் தலைமைச் சட்ட அதிகாரி 2018 முதல் ஒவ்வொரு நிறுவனமாக அழுத்தம் கொடுத்து அந்த விதியை நீக்கவைத்தார். நல்ல கூலிக்காகப் பக்கத்துக் கடைக்கு நகரும் வழியை எழுத்தில் அடைத்துவைத்திருந்த ஒரு தொழில், ஆள் கிடைக்கவில்லை என்று சந்தையைக் குறை சொன்னதை நினைக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபத்தை மறைக்க நான் விரும்பவில்லை.

ஆனாலும் கூலி ஒன்றே விடை என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. 2021இல் அமெரிக்காவில் கூலி மிக வேகமாக உயர்ந்த துறைகளுள் உணவகத் துறை முன்னணியில் இருந்தது. அதே ஆண்டில்தான் விலகியவர்களின் எண்ணிக்கையும் உச்சத்தைத் தொட்டது. பிரான்சில் உணவக, விடுதி உரிமையாளர்களும் தொழிற்சங்கங்களும் பேசி, துறையின் கூலிப் படிநிலையைச் சராசரியாக 16.33 சதவீதம் உயர்த்தும் உடன்பாட்டுக்கு வந்தார்கள். அது 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அது பெரிய உயர்வுதான். ஆனாலும் அங்கு நடந்த பேச்சுகளில் கூலிக்கு இணையாகத் திரும்பத் திரும்ப வந்த சொல் "கூப்யூர்", அதாவது வெட்டு. நடுவில் வெட்டுப்பட்ட வேலைநாளை அவர்கள் அப்படி அழைக்கிறார்கள்.

எங்கள் சமையலறையில் அதற்குப் பிரேக் ஷிப்ட் என்று பெயர். காலை பத்து மணிக்கு வந்து மதியக் கூட்டம் வடியும் மூன்று மணிவரை நிற்க வேண்டும். பிறகு ஆறு மணிக்கு மீண்டும் வந்து கடை மூடி, தரை துடைத்து முடியும்வரை நிற்க வேண்டும். தாளில் பத்தரை மணி நேர வேலை. ஆனால் வீட்டை விட்டுக் கிளம்பிய நேரத்திலிருந்து திரும்பிப் படுக்கும் நேரம்வரை பதினைந்து மணி நேரம் ஓடியிருக்கும். நடுவில் கிடைக்கும் அந்த மூன்று மணி நேரம் வேலையும் இல்லை, ஓய்வும் இல்லை. வீடு தொலைவில் உள்ளவர் போய்த் திரும்ப முடியாது. நாங்கள் மூட்டைகளுக்கு நடுவே, சரக்கு அறையில், அட்டைப் பெட்டிகளை விரித்துப் படுத்திருப்போம். அந்த மூன்று மணி நேரத்துக்குக் கூலி கிடையாது. அதைப் பற்றி யாரும் கேட்டதுமில்லை. ஏனென்றால் அது இந்தத் தொழிலின் இயல்பு என்று எல்லோரும் நம்பினோம்.

இதைவிடக் கொடுமையானது இரவு கடையை மூடியவரே மறுநாள் காலை கடையைத் திறப்பது. நள்ளிரவு கடந்து வீடு போய்ச் சேருகிறவர், வெளிச்சம் வருவதற்குள் கிளம்ப வேண்டியிருக்கும். இப்படி நான் எத்தனை பேரை எழுதியிருக்கிறேன் என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன். ஒருவர் வராவிட்டால், அட்டவணையில் மிக நெருக்கமாக இருக்கும் பெயரை இழுத்து அந்தக் கட்டத்தில் போட்டுவிடுவேன். ஒரு பெயரை ஒரு கட்டத்திலிருந்து இன்னொரு கட்டத்துக்கு மாற்ற எனக்கு ஆனது இரண்டு விநாடி. அந்த இரண்டு விநாடியில் ஒருவருடைய தூக்கத்தை எடுத்துக்கொண்டேன் என்று எனக்கு உறைக்கவில்லை.

கூட்டம் குறைந்தால் நான் செய்வது வேறொன்று. மாலை ஏழு மணிக்கு மேசைகள் காலியாக இருந்தால், ஆறு மணிக்கு வந்த ஒருவரைப் பார்த்து, இன்றைக்குப் போகலாம் என்று சொல்லிவிடுவேன். அவருக்கு அன்று ஒரு மணி நேரக் கூலி. வந்து போன செலவு அவருடையது. இதற்கு மாறாகக் கூட்டம் திடீரென்று பெருகினால், விடுப்பில் இருப்பவரின் தொலைபேசி ஒலிக்கும். எடுக்காவிட்டால் அடுத்த வாரத் தாளில் அவருடைய மணிநேரங்கள் குறைந்திருக்கும். அதைத் தண்டனை என்று நான் சொன்னதில்லை. ஆனால் அவர்கள் அதைத் தண்டனையாகத்தான் புரிந்துகொண்டார்கள், அவர்கள் புரிந்துகொண்டது சரி.

முதலாளிகள் எல்லோரும் கல்நெஞ்சர்கள் என்பதால் இப்படி நடக்கவில்லை. உணவகக் கணக்கைப் பார்த்தவர்களுக்கு அதன் நெருக்கடி தெரியும். நன்றாக நடக்கும் கடையிலும் நூறு ரூபாய் விற்றால் எல்லாச் செலவும் போக மூன்று முதல் ஐந்து ரூபாய் நின்றால் பெரிது என்பது தொழிலில் வழங்கும் கணக்கு. வாடகை கூட்டத்தைப் பார்த்துக் குறைவதில்லை. வாங்கிய காய்கறி காத்திருப்பதில்லை. நேற்று இரவு காலியாக இருந்த நாற்காலியை இன்று விற்க முடியாது. மின்சாரம், எரிவாயு, கடன் தவணை எல்லாம் அசையாத செலவுகள். இவற்றுக்கு நடுவில், நினைத்தவுடன் திருகி அடைக்கக்கூடிய ஒரே குழாய் ஊழியரின் மணிநேரம். ஆகவே மழை பெய்து யாரும் வராத மாலையின் நட்டம் கட்டட உரிமையாளரிடமும் போவதில்லை, வங்கியிடமும் போவதில்லை. ஏழு மணிக்கு வீட்டுக்கு அனுப்பப்பட்டவரின் பையிலிருந்து கழிகிறது. நான் எழுதிய தாள் உண்மையில் அந்த வேலையைத்தான் செய்தது. கடையின் நிச்சயமின்மையைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டி, அதைத் தாங்குவதற்கு மிகக் குறைந்த வலிமை உடையவர்களிடம் பங்கிட்டுக் கொடுத்தது.

எனவே கூலியை மட்டும் பேசினால் பாதிதான் பேசுகிறோம். மணிக்கு இவ்வளவு என்று கூலியை உயர்த்திவிட்டு, எத்தனை மணி, எந்த மணி என்பதை முதலாளியின் கையிலேயே விட்டுவிட்டால், மாத முடிவில் வீட்டுக்குப் போகும் தொகை அப்படியே நிற்கலாம். அது மட்டுமல்ல. நேரம் தெரியாதவர் இரண்டாவது வேலை பார்க்க முடியாது. மாலை வகுப்பில் சேர முடியாது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள யாரிடமும் நாள் சொல்லிவைக்க முடியாது. மருத்துவரிடம் நேரம் வாங்க முடியாது. பிள்ளை பெற்ற பெண்கள் இந்தத் தொழிலை விட்டு விலகுவதை நான் தொடர்ந்து பார்த்தேன். அவர்கள் குறைந்த கூலிக்காக விலகவில்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் விலகும் நாளில் அவர்கள் சொன்னது ஏறக்குறைய எப்போதும் நேரத்தைப் பற்றியதாகவே இருந்தது.

இதைச் சட்டத்தின் கண்ணால் பார்க்கத் தொடங்கிய இடங்கள் சில உண்டு. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 2017 ஜூலை முதல் பெரிய உணவகத் தொடர்களும் சில்லறை வணிக நிறுவனங்களும் பணி அட்டவணையைப் பதினான்கு நாட்களுக்கு முன்பே தர வேண்டும். அதன் பிறகு மாற்றினால் ஊழியருக்கு ஈட்டுத்தொகை தர வேண்டும். அதே ஆண்டு நவம்பரில் நியூயார்க் நகரம் துரித உணவகங்களுக்கு இதுபோன்ற விதியைக் கொண்டுவந்தது. இரவு மூடியவர் பதினொரு மணி நேர இடைவெளி இல்லாமல் மறுநாள் காலை வர வேண்டுமானால் அவருடைய எழுத்துச் சம்மதமும் கூடுதலாக 100 டாலரும் வேண்டும் என்றது. ஓரிகன் 2018இல் மாநிலம் முழுவதற்கும் இத்தகைய சட்டத்தை நடைமுறைப்படுத்தியது. ஐந்நூறு பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு மட்டும் அது பொருந்தும். சியாட்டிலில் சட்டம் வந்த பின் ஊழியர்களைத் தொடர்ந்து விசாரித்த ஆய்வாளர்கள், அவர்களுடைய தூக்கம் மேம்பட்டதையும் வீட்டுப் பணநெருக்கடி குறைந்ததையும் பதிவுசெய்தார்கள். தூக்கம் என்ற சொல்லை ஒரு தொழிலாளர் சட்டத்தின் பலனாகப் படித்தபோது, சரக்கு அறையின் அட்டைப் பெட்டிகள் என் கண்முன் வந்தன.

முதலாளிக்கு இதனால் நட்டம்தானே என்று கேட்பவர்களுக்கு உணவகத்துக்கு வெளியேயிருந்து ஒரு சான்று சொல்லலாம். கேப் என்ற அமெரிக்கத் துணிக்கடைத் தொடரின் 28 கடைகளில் ஜோன் வில்லியம்ஸ், சூசன் லாம்பர்ட், சரவணன் கேசவன் ஆகிய ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தி 2018இல் முடிவை வெளியிட்டார்கள். சில கடைகளில் பணிநேரத்தை நிலைப்படுத்தினார்கள், மற்ற கடைகளைப் பழையபடி விட்டார்கள். நிலைப்படுத்திய கடைகளில் விற்பனை 7 சதவீதம் உயர்ந்தது. உழைப்பின் பலன் 5 சதவீதம் கூடியது. துணிக்கடையும் உணவகமும் ஒன்றல்ல என்பதை அறிவேன். ஆனாலும் பழகிய கை வேகமாக வேலை செய்யும் என்பது சமையலறைக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும். எந்தக் கரண்டி எங்கே தொங்குகிறது என்று பார்க்காமலே எடுக்கும் ஒருவர் போய்விட்டால், அவருடைய இடத்தில் வரும் புதியவர் அந்தச் சமையலறையைக் கற்க வாரக்கணக்காகும். அதுவரை பக்கத்தில் நிற்பவர் இரண்டு பேருடைய வேலையைச் செய்வார். இரண்டு பேருடைய வேலையைச் செய்தவர் அடுத்து விலகுவார். எங்கள் கடையில் ஒருவர் விலகினால் ஒரு மாதத்துக்குள் இன்னும் இருவர் விலகுவது வழக்கமாயிருந்தது. அதை ஏதோ கெட்ட காலம் என்று நினைத்தோம்.

குடியேற்றம், மக்கள்தொகை ஆகிய காரணங்களையும் ஒதுக்கிவிட முடியாது. பிரிட்டனின் உணவகங்கள் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து தடையின்றி வந்தவர்களைப் பெரிதும் நம்பியிருந்தன. 2021 ஜனவரி 1 முதல் அந்த வழி அடைபட்டது. திறன் பணியாளர் விசாவுக்கான பொதுச் சம்பள வரம்பு 25,600 பவுண்டு என்று தொடங்கி, 2024 ஏப்ரலில் 38,700 பவுண்டாயிற்று; பரிமாறும் வேலைக்கு அந்த விசாவே கிடையாது. அமெரிக்காவில் 1979இல் பதினாறு முதல் பத்தொன்பது வயது வரையிலானவர்களில் ஏறத்தாழ 58 சதவீதம் பேர் வேலையிலோ வேலை தேடுவதிலோ இருந்தார்கள். 2010களில் அது 35 சதவீத அளவுக்கு இறங்கிவிட்டது. இவை உண்மையான காரணங்கள். ஆனால் இவற்றைச் சற்றே உற்றுப் பார்த்தால், வேறு வழி இல்லாதவர்களும் இன்னும் பொறுப்பு வந்து சேராத இளையவர்களும் வற்றாமல் வந்துகொண்டிருப்பார்கள் என்ற நம்பிக்கையின் மேல்தான் இந்தத் தொழில் தன் வேலைநேரத்தை அமைத்துக்கொண்டது என்பது தெரிகிறது. அந்த ஊற்று வற்றும்போது தொழில் தன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டியதாகிறது.

சொல்லாமல் நின்ற அந்த அண்ணனை ஏழெட்டு மாதம் கழித்துத் தற்செயலாகச் சந்தித்தேன். ஒரு பெரிய கட்டடத்தில் துப்புரவு வேலையில் இருந்தார். எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. அவர் இயல்பாகப் பேசினார். கூலி எவ்வளவு என்று கேட்டேன். எங்களிடம் வாங்கியதைவிடச் சற்றுக் குறைவாகவே சொன்னார். பிறகு ஏன் போனீர்கள் என்று கேட்டேன்.

"அங்க எப்ப முடியும்னு எனக்கு ஒரு நாளும் தெரிஞ்சதில்ல தம்பி. இங்க மூணு மணின்னா மூணு மணி. நான் சாயந்திரம் வீட்ல இருக்கேன்" என்றார்.

அந்த வியாழக்கிழமை என்ன நடந்தது என்றும் சொன்னார். அன்று அவருக்கு மாலை விடுப்பு. வாரத் தொடக்கத்தில் நான் ஒட்டிய தாளில் அப்படித்தான் இருந்தது. அதை நம்பி வீட்டில் ஒரு காரியத்துக்கு நாள் குறித்திருந்தார்கள். புதன் இரவு நான் ஒரு பெயரை அடித்து அவர் பெயரை எழுதினேன். அவரிடம் கேட்கவில்லை, மாற்றியதைச் சொல்லக்கூட இல்லை. மதியம் வேலை முடிந்து கிளம்பும்போதுதான் தாளைப் பார்த்திருக்கிறார். இருந்து பார்த்தார், ஒன்பது மணிவரை. பதிவேட்டில் "சொல்லாமல்" என்று எழுதியது நான். முதலில் சொல்லாமல் விட்டதும் நான்தான்.

அதன் பிறகு இரண்டு வாரத் தாளை முன்கூட்டியே ஒட்டுவது என்று முடிவு செய்தேன். முதலாளி எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை; கூட்டத்தை யாரால் பதினான்கு நாட்களுக்கு முன்பே கணிக்க முடியும் என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. பழைய விற்பனைப் புத்தகங்களை எடுத்து, ஓராண்டின் ஒவ்வொரு கிழமைக்கும் எத்தனை மேசை நிரம்பியது என்று எழுதிக் காட்டினேன். நாங்கள் திடீர்க் கூட்டம் என்று சொல்லிக்கொண்டிருந்ததில் பெரும்பகுதி ஒவ்வொரு மாதமும் அதே நாட்களில் வந்திருந்தது. முதல் இரண்டு மாதங்கள் கூலிச் செலவு ஏறியது. வெறிச்சோடிய மாலைகளில் யாரையும் திருப்பி அனுப்பவில்லை என்பதால் அது ஏறத்தான் செய்யும். மூடுபவரே திறப்பதை நிறுத்தினேன். பிரேக் ஷிப்டை முழுவதும் ஒழிக்க என்னால் முடியவில்லை. ஒருவருக்கு வாரத்தில் இரண்டு நாட்களுக்கு மேல் வராமல் பார்த்துக்கொண்டேன். விலகியவர்கள் அதன் பிறகும் இருந்தார்கள். ஆனால் விலகுகிறவர்கள் முன்கூட்டியே வந்து சொல்லத் தொடங்கினார்கள். என் பதிவேட்டில் அந்தப் பழைய வரியை எழுத வேண்டிய தேவை அரிதாயிற்று.

முதல் இரண்டு வாரத் தாளை ஒட்டிய காலையில், காய் நறுக்கும் பிரிவில் இருந்த ஒரு பெண் அதன் முன் நீண்ட நேரம் நின்றார். நான் ஏதோ தவறு செய்துவிட்டேனோ என்று அருகில் போனேன். அவர் தம் பெயருக்கு நேரே இருந்த கட்டங்களை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தார். அடுத்த வாரத்துப் புதன்கிழமையில் விரல் நின்றது. "இது மாறாதில்ல?" என்று கேட்டார். மாறாது என்றேன். தொலைபேசியை எடுத்து, அங்கேயே நின்றபடி, வீட்டுக்கு அழைத்தார்.